பழைய மரச்சாமானுக்குப் புதுப் பெயிண்ட்: சேலம், ஏற்காடு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போகி அன்று விடியற்காலையில் எங்கள் அம்மாபேட்டைத் தெருவில் எரியும் குவியலில் கிழிந்த பாய், முறம், பழந்துணி எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு முக்காலியோ நாற்காலியோ கட்டாயம் கிடக்கும். 11 வருஷத்துக்கு முன்னால் அப்படித் தீக்குப் போகவிருந்த ஒரு பெஞ்சைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு கால் ஆடியது. மேலே நாலைந்து நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக உரிந்து கிடந்தன. சுரண்டிப் பார்த்தால் அடியில் நல்ல வேப்பம்பலகை. இன்றைக்கும் எங்கள் திண்ணையில் அதில்தான் உட்காருகிறோம்.

அந்தப் பெஞ்சைப் பார்த்துத் தெருக்காரர்களும், ஏற்காட்டில் இருக்கும் அக்காவின் அக்கம்பக்கத்தாரும் கேட்ட கேள்விகளே இங்கே இருப்பவை. எல்லாரும் "எவ்வளவு செலவாகும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மலிவான பெயிண்ட் வாங்குவதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. பெயிண்டுக்கு முந்தின வேலையை ஆள் வைக்காமல் நாமே பொறுமையாகச் செய்தால் அங்கேதான் காசு மிஞ்சும்.

ஒரு பழைய சாமான் தேறுமா தேறாதா என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். மேல்பக்கம் பொய் சொல்லும், அடிப்பக்கம் சொல்லாது. ஒரு ஸ்க்ரூ டிரைவரால் கால்களின் அடிப்பாகத்தையும் மூட்டுகளையும் குத்திப் பாருங்கள். முனை லேசாகத் தடம் பதித்து நின்றால் மரம் உயிரோடு இருக்கிறது. பொரித்த அப்பளம்போல உள்ளே இறங்கினால் கரையான் உள்ளே தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. ஒரு கால் மட்டும் அப்படிப் போயிருந்தால் மாற்றிவிடலாம். சட்டம் முழுக்கப் போயிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆட்டம், விரிசல், கீறல், உரிந்த பெயிண்ட், கழன்ற கீல் எதுவும் பெரிய குறை இல்லை. பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) தண்ணீரில் ஊறி உப்பியிருந்தால் மட்டும் அது திரும்ப அடங்காது. அதன்மேல் எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் உப்பல் உப்பலாகவே தெரியும்.

எதற்குப் பெயிண்டே அடிக்கக் கூடாது?

ஈட்டி மரத்துக்கும் நல்ல தேக்குக்கும் வேண்டாம். ஏற்காட்டில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது வருகிற நாற்காலிகளில் சில ஈட்டியாக இருக்கும். பல வருஷத்து அழுக்கும் பழைய வார்னிஷும் சேர்ந்து கறுத்துப்போய், யாரும் சீந்தாத மரமாகத் தெரியும். பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்னால், கண்ணில் படாத ஓர் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். ஈரம் பட்டதும் மரத்தின் ரேகை எழுந்து நிற்கும். கருஞ்சிவப்பில் கறுப்புக் கோடு ஓடினாலோ, பொன்பழுப்பில் எண்ணெய்ப் பசையோடு தேக்கு வாசம் வந்தாலோ நிறுத்திவிடுங்கள். அதற்கு வார்னிஷோ பாலிஷோ போதும்.

வேம்பு, மா, சில்வர் ஓக், பிளைவுட், எந்த மரம் என்றே தெரியாத கலப்புப் பலகை இவற்றுக்குப் பெயிண்ட் நன்றாகப் பொருந்தும். ஏற்காட்டில் காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக்கிலிருந்து அறுத்த பலகைச் சாமான்கள் நிறைய உண்டு. அவற்றுக்குப் பெயிண்ட் அடிக்க யாரும் தயங்க வேண்டாம்.

மாற்றுக் கால், மாற்றுச் சட்டத்துக்கு மலிவாக மரம் எங்கே கிடைக்கும்?

பழைய வீடு இடிக்கும் இடங்களிலும் காயலான் கடைகளிலும் கேளுங்கள். எனக்குப் பிடித்தது பழைய தறி மரம். குகை, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் கைத்தறியைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பல வருஷம் காய்ந்து முறுகிய மரம், இனிமேல் வளையாது. ஆனால் எண்ணெயும் கஞ்சியும் ஏறியிருக்கும். சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, டர்பன்டைன் தொட்ட துணியால் எண்ணெய் ஏறிய இடத்தை இரண்டு தடவை துடைத்த பிறகே பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு) அடிக்க வேண்டும். எண்ணெய் இருக்கும் இடத்தில் பெயிண்ட் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகிவிடும்.

ஆடுகிற காலுக்கு ஆணி அடித்தால் போதாதா?

தயவுசெய்து அடிக்காதீர்கள். நாற்காலியில் ஆள் உட்காரும்போதெல்லாம் மூட்டு கொஞ்சம் அசையும். அந்த அசைவில் ஆணி தன்னைச் சுற்றியிருக்கும் மரத்தை அரைத்துத் துளையைப் பெரிதாக்கும். ஆறு மாதத்தில் பழைய ஆட்டத்தோடு ஒரு விரிசலும் சேர்ந்துகொள்ளும்.

மூட்டை முழுக்கப் பிரிப்பதுதான் வழி. பழைய காலத்துச் சாமான்களில் தச்சர்கள் வச்சிரம் வைத்து ஒட்டியிருப்பார்கள். தோலைக் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும். வெந்நீரில் நனைத்த துணியை மூட்டில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து, மரக்கட்டையை இடையில் கொடுத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் கழன்று வரும். பழைய பசையை உளியால் சுரண்டி எடுங்கள். பழைய பசையின்மேல் புதுப் பசை ஒட்டாது. மரம் காய்ந்த பிறகு பெவிகால் தடவிச் சேர்த்து இறுக்க வேண்டும்.

இறுக்குவதற்குக் கிளாம்ப் வாங்க வேண்டியதில்லை. பஞ்சர் கடையில் தூக்கிப்போடும் சைக்கிள் டியூபை நீளவாட்டில் கீறினால் ரப்பர் நாடா கிடைக்கும். அதை இழுத்து இழுத்துச் சுற்றினால் எந்தக் கிளாம்பும் அந்த அளவுக்குச் சீராகப் பிடிக்காது. கட்டியதும் நாற்காலியைச் சமதளத்தில் நிறுத்தி நாலு காலும் தரை தொடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். 24 மணி நேரம் கழித்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டால் பசை இறுகி, நேரம் கடந்திருக்கும்.

ஊசித் துளைகளும் அடியில் மாவு மாதிரித் தூளும் இருக்கின்றன. அப்படியே மக்கு வைத்து மூடிவிடலாமா?

தூள் புதிதாக விழுகிறது என்றால் உள்ளே புழு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. கீழே கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் வைத்தால் தெரிந்துவிடும். உயிரோடு இருக்கும் புழுவின்மேல் மக்கு வைத்தால் அது வேறு வழியாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், உங்கள் பெயிண்டையும் சேர்த்துத்தான்.

ஹார்டுவேர் கடையில் மரப்பூச்சி மருந்து கிடைக்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் துளை துளையாக விட்டு, கையுறை போட்டு, திறந்தவெளியில் செய்யுங்கள். இன்னும் பூச்சி ஏறாத பக்கங்களைக் காப்பாற்ற வெண்காரம் உதவும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் பற்றவைக்கப் பயன்படுத்துகிறார்களே, அதே வெண்காரம்தான். வெந்நீரில் கரைகிற அளவுக்குக் கரைத்து, பழைய பெயிண்டை எடுத்த வெறும் மரத்தில் இரண்டு மூன்று தடவை தடவ வேண்டும். பெயிண்ட் இருக்கும் மரத்தில் அது உள்ளே இறங்கவே இறங்காது. காய்ந்ததும் மேலே வெள்ளையாக உப்புப் பூத்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுபடி காயவிட்டுப் பிரைமருக்குப் போங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், அது விஷம்.

மண்ணெண்ணெய் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அது ஆவியாகிப் போய்விடும், பாதுகாப்பு நிற்காது. மீதி எண்ணெய்ப் பசை பெயிண்டையும் கெடுக்கும்.

மக்கு எதில் போடுவது? சுவருக்குப் பட்டி பார்த்த மாவு மிச்சம் இருக்கிறது.

அது சிமென்ட் கலந்தது, சுவருக்கானது. மரம் மழைக்கு விரியும், கோடைக்குச் சுருங்கும். அந்த அசைவைத் தாங்காமல் சுவர்ப் பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும்.

செலவில்லாத மக்கு என்றால் மரத்தூளும் பெவிகாலும்தான். அறுவை மில்லில் சாக்குக்கணக்கில் வருகிற கரடுமுரடான தூள் வேண்டாம். உங்கள் சாமானையே உப்புத்தாள் போடும்போது விழும் மாவுத்தூளைச் சேர்த்து வையுங்கள் (பழைய பெயிண்ட் கலக்காத தூளாக இருக்க வேண்டும்). சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து அழுத்தி வையுங்கள். காய்ந்தால் உள்வாங்கும், அதனால் கொஞ்சம் மேடாகவே வைக்க வேண்டும். ஆழமான குழியை ஒரே தடவையில் நிரப்பாமல் இரண்டு மூன்று தடவையாக நிரப்புங்கள். முனை உடைந்து போயிருந்தால் எம்-சீல் போன்ற எபாக்ஸி மக்கைப் பிசைந்து வைத்து, இறுகிய பிறகு உப்புத்தாளால் வடிவம் கொடுக்கலாம்.

கொலுசுப் பட்டறையிலிருந்து வந்த ஒரு சின்னச் சாய்மேஜையை ஒருமுறை எடுத்துச் செய்தேன். பற்றவைக்கும் நெருப்புப் பட்டு மேலெல்லாம் கருகிய குழிகள். கரியின்மேல் மக்கு வைத்தபோது மறுநாளே கட்டி கட்டியாகக் கையோடு வந்துவிட்டது. கரியை உளியால் நல்ல மரம் தெரியும்வரை சுரண்டி எடுத்துவிட்டு வைத்த பிறகே பிடித்தது. ஊறிப்போன மரம், உளுத்த மரம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான்.

உப்புத்தாள் எத்தனை நம்பர் வாங்குவது? பழைய பெயிண்டை முழுக்க எடுக்க வேண்டுமா?

80, 120, 220 மூன்றும் போதும். கரடுமுரடுக்கு 80, சமப்படுத்த 120, பிரைமருக்குப் பிறகு மெதுவாகத் தடவ 220. ஒரு மரக்கட்டையில் சுற்றிப் பிடித்து, ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே போட்ட கீறல் பெயிண்டுக்கு அடியிலும் தெரியும். கெட்டியாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டை எடுக்க வேண்டியதில்லை. அதன் பளபளப்பு மட்டும் போனால் போதும். நகத்தால் கீறினால் உரிகிற இடங்களைத்தான் முழுக்க எடுக்க வேண்டும்.

அடுத்தது கவனமாகப் படிக்க வேண்டிய விஷயம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. ஈயத்தூள் சின்னக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் கெடுதல். ஆகவே பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வாட்டர் பேப்பர் வாங்கித் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். தூள் பறக்காமல் சேறாக வரும். அதைப் பழந்துணியில் வழித்து, கவரில் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள், வாசலில் கொட்ட வேண்டாம். முகக்கவசம் போடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். வேலை முடிந்ததும் உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள்.

பெயிண்ட் அடித்த மரத்தைப் போகியில் எரிக்க வேண்டாம் என்று நான் தெருவில் சொல்லிக்கொண்டிருப்பதும் இதனால்தான். அந்தப் புகையில் ஈயம் வரும். நெருப்பைச் சுற்றி மேளம் அடித்துக்கொண்டு நிற்பவர்கள் குழந்தைகள்.

பிரைமர் இல்லாமல் நேராகப் பெயிண்ட் அடித்தால் செலவு குறையுமே?

கூடும். வெறும் மரம் முதல் இரண்டு கோட்டையும் (பூச்சையும்) குடித்துவிடும், விலை உயர்ந்த பெயிண்ட் அதில் போய்விடும். வுட் பிரைமர் அதைவிட மலிவு. ஒரு கோட் போதும்.

பலா மரத்துக்கும், பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்கிற தேக்குக்கும் இன்னொரு தொல்லை உண்டு. மரத்தின் சாயம் மேலே கசிந்து, வெள்ளைப் பெயிண்டில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை விடும். அடிக்க அடிக்கத் திரும்ப வரும். அதற்கு அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷை இரண்டு கை தடவிக் காயவிட்டு, அதன்மேல் பிரைமர் அடித்தால் கறை அடியிலேயே நின்றுவிடும். முடிச்சுகள் இருக்கும் இடத்திலும் இதையே செய்யுங்கள்.

வீட்டுச் சுவருக்கு அடித்த எமல்ஷன் மிச்சம் இருக்கிறது. அதையே அடிக்கலாமா?

புத்தக அலமாரியின் முதுகுப்பக்கம், கொலுப்படி, சுவரில் மாட்டும் தட்டு இவற்றுக்குத் தாராளமாக அடிக்கலாம். உட்காரும், கை படும், பாத்திரம் வைக்கும் இடங்களுக்கு வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலில் எமல்ஷன் இளகி, மேலே வைத்த பொருளோடு ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தை எடுத்தால் பெயிண்டும் அட்டையோடு வரும். அடித்தே ஆக வேண்டும் என்றால், மேலே தண்ணீர் கலக்கும் நிறமில்லாத வார்னிஷ் இரண்டு கோட் கொடுங்கள்.

மேஜை, நாற்காலி, கட்டிலுக்கு எனாமல்தான். டர்பன்டைன் கலக்கும் எனாமல் கெட்டியாக நிற்கும், விலையும் குறைவு. ஆனால் வாசம் இரண்டு மூன்று நாள் போகாது. வெள்ளை நிறமாக இருந்தால் வெளிச்சம் படாத அறையில் மெல்ல மெல்ல மஞ்சளாகும். வெள்ளை வேண்டும் என்பவர்கள் தண்ணீர் கலக்கும் எனாமலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நல்லது.

எவ்வளவு பெயிண்ட் வாங்குவது?

வழவழப்பான பரப்பில் ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். 4 அடிக்கு 2 அடி மேஜையின் மேல்பலகை 8 சதுர அடி. கால், சட்டம், ஓரம் எல்லாம் சேர்த்து இன்னொரு 10 வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோட்டுக்கு 36 சதுர அடி. அரை லிட்டர் டப்பா போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். ஸ்டூலுக்கு 200 மில்லி தாராளம். கடைக்காரர் லிட்டர் எடுக்கச் சொல்வார், உங்கள் கணக்கை நம்புங்கள்.

நிறம் தவறிக் கலந்துபோய் யாரும் எடுக்காத டப்பா இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இருந்தால் குறைத்துக் கொடுப்பார்கள். பிரஷில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மட்டமான பிரஷின் மயிர் உதிர்ந்து பெயிண்டிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒரு நல்ல இரண்டங்குல பிரஷைக் கழுவி வைத்தால் பல வருஷம் வரும்.

ஒரே பெயிண்ட், ஒரே கைதான். சேலத்தில் ஒரு மாதிரி வருகிறது, ஏற்காட்டில் வேறு மாதிரி வருகிறது. ஏன்?

இது நானே பட்டுத் தெரிந்துகொண்டது. கொண்டை ஊசி வளைவு 20 ஏறி, சுமார் 1500 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்றே வேறு. சேலத்தில் ஏப்ரலில் 38, 40 டிகிரி. வெயிலில் வைத்து அடித்தால் பிரஷ் தடம் சமமாகப் படிவதற்குள் மேல்தோல் காய்ந்துவிடும். கோடு கோடாக நிற்கும். சில சமயம் அடியில் மாட்டிக்கொண்ட ஆவி கொப்புளமாக எழும். அதனால் கோடையில் நிழலில், காலை 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். மரமும் முந்தின இரவே நிழலுக்கு வந்திருக்க வேண்டும். ஆடிக் காற்று அடிக்கும்போது தெருவாசலில் வைத்து அடித்தால் பெயிண்டோடு புழுதியும் சேர்ந்து காயும்.

ஏற்காட்டில் நேர்மாறு. மூட்டம் இறங்கும் நாளில் மரமே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அதன்மேல் எனாமல் அடித்தால் நாள் கணக்கில் பிசுபிசுப்பு போகாது, பளபளப்பும் மங்கிவிடும். என்சி லேக்கர் (தின்னர் கலந்து அடிக்கும், சீக்கிரம் காயும் பளபளப்புப் பூச்சு) அடித்தால் இன்னும் மோசம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். அக்கா வீட்டு அலமாரிக் கதவு ஓர் ஐப்பசி மாதம் அப்படித்தான் வெளுத்தது. முழுக்கத் தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க நாலு நாள் போயிற்று. மாசியிலிருந்து பங்குனி வரை அங்கே நல்ல காலம். வெயில் ஏறிய பிறகு 10 மணிக்குத் தொடங்கி, 2 மணிக்குள் முடித்து, சாயங்காலத்துக்குள் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். சேலத்தில் மறுநாளே அடுத்த கோட் அடிக்கலாம். அங்கே இரண்டு நாள் பொறுங்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அவசரமாக அடிப்பவர்களுக்கும் ஒரு சொல். மார்கழிப் பனியில் இரவு வெளியே விடாதீர்கள்.

துருப்பிடித்த ஸ்டீல் பீரோவுக்கும் இதே முறைதானா?

இல்லை. துருவைக் கம்பி பிரஷாலும் எமரி தாளாலும் எடுத்து, டர்பன்டைனால் துடைத்த அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்க வேண்டும். ஒரு ராத்திரி வெறும் இரும்பாக விட்டால் மெல்லிய துரு மறுபடி வந்துவிடும். பிறகு எனாமல் இரண்டு கோட். பீரோவின் அடிப்பாகம் வீடு கழுவும் தண்ணீர் பட்டே கெடுகிறது, அங்கே இன்னொரு கோட் கூடுதலாக அடியுங்கள்.

மைக்கா ஒட்டிய மேஜை?

அடிக்கலாம். 120 தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும். ஓரம் தூக்கியிருந்தால் முதலில் ஒட்டுங்கள். சூடான பாத்திரம் வைக்கும் மேஜையாக இருந்தால் நான் பெயிண்டைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடித்து எத்தனை நாள் கழித்துப் பயன்படுத்தலாம்?

தொட்டால் ஒட்டாது என்பது வேறு, உள்ளே இறுகியது என்பது வேறு. எனாமல் சில மணி நேரத்தில் தொடும் பதத்துக்கு வந்துவிடும், முழுக்க இறுகக் குறைந்தது ஒரு வாரமாகும். அதற்குள் துணி விரித்தால் நெசவின் அச்சு அப்படியே பதியும். உட்காரும் சாமானை ஒரு வாரம் சும்மா வையுங்கள். குழந்தைகள் வாய் வைத்துக் கடிக்கும் தொட்டில் கம்பிக்குப் பெயிண்டே வேண்டாம், வழவழப்பாகத் தேய்த்து அப்படியே விடுங்கள்.

அப்பா எழுதிய மேஜை. மேலெல்லாம் பேனா கீறல், மைக்கறை, ஓர் ஓரத்தில் நான் சின்ன வயதில் செதுக்கிய பெயர். கால்கள் உளுத்துவிட்டன. பெயிண்ட் அடித்தால் எல்லாம் போய்விடுமே?

மேல்பலகையைத் தொடாதீர்கள். இந்தக் கேள்வியை ஏற்காட்டிலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டார்கள், அவர்களுக்குச் செய்ததையே சொல்கிறேன். மேல்பலகையைக் கழற்றித் தனியாக வைத்தோம். உளுத்த இரண்டு கால்களுக்குத் தறி மரத்தில் புதுக்கால் செதுக்கித் தந்தார் எங்கள் தெருத் தச்சர். பழைய கால்களுக்கும் புதுக்கால்களுக்கும் நிறம் சேராது, அதனால் கால்களுக்கும் சட்டத்துக்கும் கரும்பச்சை எனாமல் இரண்டு கோட் அடித்தோம். மேல்பலகையைச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால், மைக்கறையை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, உப்புத்தாள் போடாமலே நிறமில்லாத வார்னிஷ் மெல்லிசாக இரண்டு கோட் கொடுத்தோம். மை தண்ணீரில் கரையுமா என்று முதலில் ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்த்தோம், லேசாகக் கரைந்தது. அதனால் தண்ணீர் வார்னிஷைத் தவிர்த்து, டர்பன்டைன் வார்னிஷே எடுத்தோம். மைக்கறை, கீறல், பெயர் மூன்றும் அப்படியே இருக்கின்றன. அந்த மேஜையில் இப்போது பேத்தி படிக்கிறாள்.